முப்பத்தொன்றாம் தேதியின் பார்வையாளர்

என் டைரியில் அந்த நாள் இப்படித்தான் இருக்கிறது: "அக்டோபர் 31. உள்ளே 10.20. வெளியே 3.45. ஏழாம் எண் கருவி கழுவி மூடப்பட்டது. மழை." அதற்குக் கீழே மீதமிருந்த ஆறு வரிகளுக்கும் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெற்று வரியை விட்டுவைத்தால் பிறகு யாராவது அதில் எதையாவது சேர்த்துவிடலாம். அதனால் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும். உன் சொந்த டைரியில் யார் வந்து எதைச் சேர்க்கப்போகிறார்கள் என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். பத்தொன்பது வருடப் பழக்கம். விட முடியவில்லை.

ஓசூருக்கு அப்பால் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பத்தொன்பது வருடங்களும் போயின. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில மாத்திரைகளை எடுத்துப் பொடித்து, கரைத்து, அதில் மருந்து சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அளவைப் பிரித்துச் சொல்லும் கருவிகள் எங்கள் கூடத்தில் ஒன்பது இருந்தன. ஏழாவது என் பொறுப்பு. காலை 5.50க்குக் காரிமங்கலம் பைபாஸ் ஓரத்தில் கம்பெனிப் பேருந்து வரும். மாலை 7.30க்கு அதே இடத்தில் இறக்கிவிடும். நடுவில் இருந்த நேரத்தில் நான் என்னவாக இருந்தேன் என்பது வேலை போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. கேன்டீனில் சாம்பார் தண்ணியாகிவிட்டது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அக்டோபர் தொடக்கத்தில் எல்லோரையும் கூட்டி, முப்பதாம் தேதியோடு யூனிட் மூடப்படுகிறது என்று சொன்னார்கள். முப்பதாம் தேதி மாலை அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். கைரேகைக் கருவியிலிருந்து எங்கள் விரல்களை நீக்கினார்கள். லட்டு கொடுத்தார்கள்.

அன்று மாலையும் ஏழாம் கருவி ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தொகுதியின் சோதனை அதில்தான். விடிவதற்குள் தானாக முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஓடுவது உப்புக் கரைசல். முடிந்ததும் தண்ணீர் விட்டு, பிறகு மெத்தனால் விட்டுக் கழுவாவிட்டால், உப்பு உள்ளேயே காய்ந்து பம்பைக் கெடுத்துவிடும். எங்கள் பிரிவுத் தலைவர் என்னிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு யாராச்சும் ஒருத்தர் வந்து ஏழைக் கழுவி மூடணும். வாங்கன்னு சொல்ல எனக்கு ரைட்ஸ் இல்லீங்க."

"நான் வர்றேனுங்க சார்," என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "மூடற கம்பெனிக்குப் போயி எதுக்குக் கழுவிக் குடுக்கற?"

"கம்பெனிதானுங்க மூடுது. மிஷின் என்னா பண்ணுச்சு?"

அவர் அடுத்த கூடையைத் தூக்கி வைத்தார். மறுநாள் கம்பெனிப் பேருந்து கிடையாது. மழையில் தன் பைக்கில் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், ஓசூரில் ஒரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசல் செக்யூரிட்டி என்னைப் பத்து வருடமாகப் பார்ப்பவர். அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். பிறகு பார்வையாளர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பெயர், நேரம், யாரைப் பார்க்க, காரணம் என்று நான்கு கட்டங்கள். "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் எழுத எனக்கு அங்கே ஆள் யாரும் இல்லை. "ஏழாம் எண் கருவி" என்று எழுதினேன். காரணம்: "கழுவ." அவர் படித்துப் பார்க்கவில்லை.

கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மற்ற எட்டுக் கருவிகளும் பிளாஸ்டிக் உறை போட்டு நின்றன. சோதனை முடிந்திருந்தது, ஏழின் பம்பு மட்டும் கரைசலை விட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு மில்லி என்று தண்ணீரை விட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேகத்தில் விட்டால்தான் முழுசாகக் கழுவும். அவசரப்படுத்தக் கூடாது. பம்பு தாழ்ந்த குரலில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வேறு எந்தச் சத்தமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக ஒருபோதும் அங்கே உட்கார்ந்ததில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் மெத்தனாலை நிரப்பி, பம்பை நிறுத்தி, கருவியின் லாக்புக்கில் தேதி, நேரம், செய்த வேலை எல்லாம் எழுதினேன். கீழே வெற்று வரிகளுக்குக் குறுக்காகக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்துக் கூரியரில் பணி விடுவிப்புக் கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. மூன்றாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். கடைசிப் பணிநாள் அக்டோபர் 30 என்று இருந்தது.

என் மேசையில் நீல மைப் பேனா எப்போதும் இருக்கும். எங்கள் தொழிலில் ஒரு தவறைத் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, மேலேயே அழுத்தி எழுதக் கூடாது. தவறின் குறுக்கே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி, காரணம். யோசிக்கவே இல்லை. முப்பதுக்குக் குறுக்கே கோடிட்டு, மேலே 31 என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, அன்றைய தேதியிட்டு, "பதிவுப் பிழை" என்று சிறிய எழுத்தில் குறித்தேன். கடிதத்தைக் கோப்பில் வைத்தபோது மனம் சுத்தமாக இருந்தது. அந்த ஒரு நாள் என்னுடையது. அதை யாரோ கவனக்குறைவாக விட்டிருக்கிறார்கள், நான் சரிசெய்துவிட்டேன். அவ்வளவுதான் தோன்றியது.

வேலை தேடத் தொடங்கினேன். எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.

எங்கள் கூடத்துப் பழைய ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். எந்தக் கம்பெனி எங்கே ஆள் எடுக்கிறது என்று அதில் வரும். இரண்டிலிருந்து ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பெங்களூரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப அதிகமா இருக்கே மேடம், பத்து வருசத்தை எடுத்துட்டு அனுப்புங்களேன்" என்றார் அங்கிருந்தவர். எந்தப் பத்தை எடுப்பது என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார். நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

ஜனவரியில் ஓசூரில் ஒரு ஹோட்டல் மாடியில் நேர்காணல். ஒன்பது மணிக்கே போய்விட்டேன். படியில் இறங்கிய வரிசை தெருவுக்கு வந்து, பக்கத்து டயர் கடை வரை நின்றது. எல்லாம் படித்து முடித்த பிள்ளைகள். நான் வரிசையின் கடைசியைத் தேடி நடக்க, பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மேல போங்க மேடம். எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

"எதைம்மா?"

"இன்டர்வியூ."

"நானும் டோக்கன் வாங்கத்தான் வந்தேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, சாரிங்க மேடம்," என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, எனக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிக் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலாவது ஆள் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். செருப்பைப் பார்த்து அடையாளம் தெரிந்தது. எங்கள் பழைய உற்பத்தி மேலாளர். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும்.

சென்னைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பொம்மிடியில் ரயிலேறிப் போய்வந்தேன். வயதைக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆள் தேவை என்று பலகை பார்த்து உள்ளே போனேன். உரிமையாளர் என் சான்றிதழ்களை மரியாதையோடு புரட்டினார்.

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்களா. நல்ல படிப்பு. ஆனா இங்க லேப் டெக்னீஷியன் கோர்ஸ் முடிச்சவங்கதான் உள்ள நிக்க முடியும். நீங்க வேணா முன்னால உக்காந்து பில் போடறீங்களா? நல்லாப் பேசறீங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்குள் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு குழாய்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நிற்கும் சத்தம் கேட்டது. அது முழுசாக நிற்கும் வரை அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். பில் மேசையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தத்தை நாள் முழுக்க முதுகால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என் நாத்தனார் சந்தை நாளில் வீட்டுக்கு வருவாள். "பால் சொசைட்டில டெஸ்டர் வேலை காலியா கெடக்குதுங்க அண்ணி. அதுவும் டெஸ்டிங்தான? பாலுல தண்ணியக் கண்டுபுடிச்சிட்டு வூட்டோட இருக்கலாம்," என்பாள். அவள் சொன்னதில் கேலி பாதி, அக்கறை பாதி. "உங்கண்ணன் ஊத்தற பாலையும் நான்தான டெஸ்ட் பண்ணணும்? தண்ணி இருக்குதுன்னு எழுதிட்டா அப்புறம் வூட்டுல எனக்கு யாரு சோறு போடறது?" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

காலை 5.50 ஆகும்போது எங்கிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். எழுந்து வாசலுக்கு வருவேன். பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். வெள்ளைக் கோட்டு ஒன்று பீரோவில் மிச்சம் இருந்தது. அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மடித்து வைத்தேன், இரண்டு முறை. நான் ஏங்கியது சம்பளத்துக்கு அல்ல என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கனவில் வந்தது தராசு அறைதான். அந்த அறையில் மின்விசிறி கிடையாது. தராசு மேசை நடுங்காத கருங்கல். கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, மூச்சை விடாமல், கடைசித் தசம இலக்கம் ஆடி ஆடி ஒரு எண்ணில் நிற்பதைப் பார்க்க வேண்டும். அது நிற்கும் அந்த ஒரு கணம் உலகத்தில் வேறு எதுவும் சந்தேகத்தில் இருக்காது. வீட்டில் எதுவும் அப்படி நிற்பதில்லை.

வேலை போய்ப் பதினோரு மாதம் ஆன பிறகு, செப்டம்பர் கடைசியில், ஓசூர்ப் பக்கத்திலேயே வேறு ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதன் தலைவர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். அதிகம் பேசவில்லை. "இருபத்தஞ்சு மில்லிகிராம் எடை போட்டு, கரைச்சுக் காட்டுங்க," என்று மட்டும் சொன்னார்.

பீரோவில் இருந்த கோட்டைக் கொண்டுபோயிருந்தேன். தராசின் முன் உட்கார்ந்தேன். கரண்டி நுனியில் பொடியை எடுத்தேன். இரண்டு முறை தட்டினேன். கதவை மூடினேன். எண்கள் ஆடின, நின்றன. 25.03. அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாள் ஆச்சு நீங்க எடை போட்டு?" என்று கேட்டார். "பதினோரு மாசமுங்க." "தெரியலையே," என்றார். வருகிற பதினைந்தாம் தேதிக்குள் சேர முடியுமா என்று அடுத்துக் கேட்டார். அன்று டைரியில் 25.03 என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் திங்கள்கிழமை காலை 11.10க்கு அந்தக் கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க ரிலீவிங் லெட்டர்ல தேதியைக் கையால அடிச்சிருக்கு. யார் பண்ணது?"

"நான்தாங்க. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கேன் பாருங்க."

"நீங்க ஏன் மேடம் அதுல கையெழுத்துப் போட்டீங்க?"

"திருத்தினது யாருன்னு தெரியணும் இல்லீங்களா?"

கோபிக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மேடம், அது அவங்க டாக்குமென்ட். வெரிஃபிகேஷன் பண்றவங்க 'டாம்பர்டு'ன்னு, அதாவது யாரோ கை வச்சிருக்காங்கன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. எங்க லேப் ஹெட் உங்களுக்காகப் பேசினாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அடிச்சல் இல்லாத லெட்டர் வந்தா ஓகே. இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்."

போனை வைத்த பிறகு நாற்காலியிலேயே இருந்தேன். அவங்க டாக்குமென்ட். திருத்தும் முறையில் ஒரு கோடு, கையெழுத்து, தேதி, காரணம் எல்லாம் இரண்டாவது பாதி. முதல் பாதி ஒன்று இருக்கிறது. யார் எழுதினாரோ அவர்தான் திருத்த வேண்டும். அடுத்தவர் பதிவில் கை வைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வது அதைத்தான். பத்தொன்பது வருடம் அந்த விதிப்படி தவறாமல் நடந்தவள், என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதை மீறியிருக்கிறேன். அது மீறல் என்று பதினோரு மாதம் எனக்குத் தெரியக்கூட இல்லை.

பழைய கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை பழைய யூனிட்டுக்கே கிளம்பினேன்.

யூனிட் மூடியிருந்தாலும் ஆவண அறை மூடவில்லை. நாங்கள் செய்த மாத்திரைகள் இன்னும் எங்கெங்கோ மருந்துக் கடைகளில் இருக்கின்றன. அவை காலாவதியாகி ஒரு வருடம் ஆகும்வரை அவற்றின் காகிதங்களைப் பாதுகாக்க வேண்டும். அதற்கு ஒரே ஒருவரை வைத்திருந்தார்கள். ஏரியூர்க்காரர். ஆவணப் பிரிவில் என் வயதுக்காரர். என் படிவங்களில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார், அவர் படிவத்தில் கட்டமே தப்பு என்று நான் திருப்பி அனுப்புவேன். அப்படிச் சண்டை போட்டே பழகியவர்கள் நாங்கள்.

வாசலில் அதே செக்யூரிட்டி. அதே நோட்டு. இந்த முறை "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் எழுத ஆள் இருந்தார்.

"வாங்க, வாங்க," என்று எழுந்தார் அவர். "எங்க ரூமுக்கு ஆளே வர்றதில்லீங்க மேடம். போன மாசம் ஒரு பாம்பு வந்துச்சு. அப்பறம் நீங்கதான்."

"பாம்பு விசிட்டர் நோட்டுல கையெழுத்துப் போட்டுச்சுங்களா?"

"போடாமப் போயிருச்சுங்க. அதான் திருப்பி அனுப்பிட்டேன்." நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மாத்திரை உசுரோட இருக்கற வரைக்கும் எனக்கு வேலைங்க. கடைசி பேட்ச் எக்ஸ்பயரி ஆயி ஒரு வருசம். அன்னிக்கு எனக்கும் எக்ஸ்பயரி."

விஷயத்தைச் சொன்னேன். திருத்திய கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "கோடு நேராத்தான் போட்டிருக்கீங்க," என்றார். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. தலைமை அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு உடனே போன் போட்டுப் பேசினார். பேசி முடித்து என்னிடம் சொன்னார்.

"சிஸ்டத்துல முப்பதுதானாம். உங்க கைரேகையும் முப்பதோட நின்னுருக்குது. முப்பதுன்னா இப்பவே பத்து நிமிசத்துல லெட்டர் அனுப்பிருவாங்க. முப்பத்தொண்ணுதான் வேணும்னா எழுதிக் குடுக்கணும், விசாரிப்பாங்க, ஒரு மாசம் ஆவும். என்னாங்க சொல்லட்டும்?"

அதற்கு முன்னால், ஏழாம் கருவியின் கடைசி லாக்புக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

மூன்றாவது அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் எழுத்து. அக்டோபர் 31, தொடக்கம், முடிவு, தண்ணீர், மெத்தனால், பம்பு நிறுத்தம். கீழே குறுக்குக் கோடு. அந்த மழைநாளின் டக், டக் சத்தம் அந்தத் தாளில் இருந்து வருவது போல இருந்தது. இது போதும், இதைக் காட்டினால் ஒரு மாதமானாலும் உண்மை என் பக்கம்தான் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஆவணப் பிரிவுக் குரல் வந்துவிட்டது.

"மேடம், ஒரு சிக்கல் இருக்குது பாருங்க. முப்பதோட உங்க ஐடி முடிஞ்சிருச்சு. அப்ப முப்பத்தொண்ணுல இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுதுதாங்க."

"உங்களுதுதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எப்பிடி உள்ள வந்தீங்க?"

செக்யூரிட்டியிடம் பழைய பார்வையாளர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். ஏரியூர்க்காரர் பக்கம் புரட்டி, விரல் வைத்து நிறுத்தினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யாரைப் பார்க்க: ஏழாம் எண் கருவி." சிரிப்பு வந்தது அவருக்கு, பாதியில் நின்றுவிட்டது. "சொந்தக்காரங்களைப் பாக்க வர்ற மாதிரி வந்திருக்கீங்க."

அந்த நோட்டில் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர். நானே எழுதி, நானே ஒப்பமிட்டது. பிரிவுத் தலைவர் என்னை வரச் சொல்லவில்லை, சொல்ல உரிமை இல்லை என்றுதான் சொன்னார். நானாகத்தான் போனேன். அன்று நான் அங்கே ஊழியர் இல்லை. அந்தக் கடிதத்தில் பிழையே இல்லை. பிழை இல்லாத ஒன்றைத்தான் நான் கோடு போட்டுத் திருத்தியிருந்தேன்.

"முப்பதுன்னே அனுப்பச் சொல்லுங்க," என்றேன்.

அவர் போனை எடுத்தார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். லாக்புக்கில் இருப்பது என் பதிவு. இதில் கை வைக்க எனக்கு உரிமை உண்டு. அவர் கேட்கவில்லை. ஆனால் பின்னால் ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தக் கேள்வியை அவரிடம்தான் கேட்பார்கள். ஓரத்தில் எழுதினேன்: "பதிவு சரி. பதிந்தவர் அன்று பார்வையாளர்." கையெழுத்து, இன்றைய தேதி. அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கும் நீங்க விசிட்டர்தாங்க மேடம்."

"அதையும் எழுதட்டுங்களா?"

"போதும், போதும். விட்டா பக்கம் முழுக்க எழுதிருவீங்க." லாக்புக்கை மூடினார். மூடிய பிறகும் அட்டையின் மேலே கையை வைத்திருந்தார்.

கிளம்பும்போது கருவியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூடத்தின் சாவி தலைமை அலுவலகத்தில் இருந்தது. கதவில் ஒரு சிறிய சதுரக் கண்ணாடி உண்டு. உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்பதும் உறை போட்டு நின்றன. உறை போட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கத்திலிருந்து எண்ணி ஏழாவதைக் கண்டுபிடித்தேன். உள்ளே மெத்தனால் இருக்கும். உப்பு கட்டியிருக்காது. எப்போது யார் வாங்கிக்கொண்டு போய் ஓட்டினாலும் ஓடும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கடிதம் போனில் வந்தது. மூன்று முறை படித்தேன். அப்படியே அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்பதுதான்.

"அஞ்சு நாப்பத்தஞ்சுக்குங்க."

"அஞ்சு நிமிசம் முன்னாடியா," என்றார். மறுநாளே கடிகாரத்தை எடுத்து அலாரத்தை மாற்றி வைத்திருந்தார்.

வேலையில் சேர்ந்த நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். முந்தைய பணி, எதுவரை என்று ஒரு கட்டம். பேனா கொஞ்சம் நின்றது. அக்டோபர் 30 என்று எழுதினேன். மனிதவளப் பிரிவுப் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"கரெக்ட்டா மேடம்?"

"லெட்டர்ல இருக்கற மாதிரிதாங்க."

பிறகு கூடத்துக்குள் அழைத்துப்போனார்கள். எனக்குக் கொடுத்த கருவியின் எண் மூன்று. யாரோ சோதனையை முடித்துவிட்டுத் தண்ணீர் விட்டுவைத்திருந்தார்கள், பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்று கேட்டேன். நல்ல கருவிதான், ஒரே சீராக அடித்தது. ஏழின் சத்தம் இதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது.